தைத்துவிட்டால் போதுமா?
விலங்கு இதய மாற்று ஆராய்ச்சியை மூன்று பாடவேளைகளில் கற்பித்தல்

பத்தாம் வகுப்பில் இதயத்தைக் கற்பிக்கும்போது நாம் அதை ஒரு பம்பாகவே அறிமுகப்படுத்துகிறோம். நான்கு அறைகள், வால்வுகள், உள்ளே வரும் குழாய்கள், வெளியே செல்லும் குழாய்கள். படம் வரைந்து பாகம் குறித்தால் மதிப்பெண் கிடைத்துவிடும். கிணற்று மோட்டார் பழுதானால் கழற்றிவிட்டு வேறொன்றைப் பொருத்துவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் அடுத்து என்ன கேட்பார்கள் என்பதும் நமக்குத் தெரியும். "பன்றிக்கும் நாலு அறைதானே டீச்சர்? அதை எடுத்து மனுஷனுக்கு வெச்சா என்ன?"

"உடம்பு ஏற்றுக்கொள்ளாது" என்ற ஒரு வரிப் பதில் தவறில்லை. ஆனால் ஏன் ஏற்றுக்கொள்ளாது, ஏற்றுக்கொள்ளச் செய்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடுமா என்ற இரண்டு கேள்விகளும் அந்த வரிக்குள் மறைந்துபோகின்றன. அறுபது ஆண்டு ஆராய்ச்சி இந்த இரண்டையும் சுற்றியே நடந்திருக்கிறது. இரத்த வகை, ஆன்டிபாடி, இரத்த அழுத்தம், வைரஸ், ஜீன் என்று நாம் தனித்தனிப் பாடங்களாக நடத்துபவை எல்லாம் இந்த ஒரே கதையில் சந்திக்கின்றன. இதயத்தை எடுத்து வேறோர் உடலில் தைப்பதைவிட, தைத்த இதயத்தை அந்த உடலின் இதயமாக ஆக்குவதுதான் கடினம் என்பதே இந்தப் பாடத்தின் மையக் கருத்து. எங்கள் அரசு உயர்நிலைப் பள்ளியில் இதை நான் மூன்று பாடவேளைகளில் நடத்தும் முறையை இங்கே பகிர்கிறேன்.

முதல் பாடவேளை: கத்தியும் ஊசியும் கண்ட வழி

கறிக்கடையில் சொல்லிவைத்து வாங்கிய ஓர் ஆட்டு இதயத்தோடு தொடங்குகிறேன். விரும்பாத மாணவர்கள் தள்ளி உட்காரலாம்; எவரையும் கட்டாயப்படுத்துவதில்லை. இடது வெண்ட்ரிக்கிளின் சுவரையும் வலது வெண்ட்ரிக்கிளின் சுவரையும் கையுறை அணிந்து தொட்டுப் பார்க்கச் சொல்கிறேன். இடது சுவர் தடிமனாக இருப்பதை எல்லோரும் உடனே உணர்ந்துவிடுவார்கள். உடல் முழுவதும் இரத்தத்தைத் தள்ளுவதற்கு அவ்வளவு தசை வேண்டும். இந்த அனுபவத்தை நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். இரண்டாம் பாடவேளையில் இது தேவைப்படும்.

பிறகு பெருந்தமனியைக் காட்டி, "இதை இன்னொரு குழாயோடு கசியாமல் தைக்க முடியுமா?" என்று கேட்கிறேன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அறுவை மருத்துவத்தின் பெரிய தடை இதுதான். பிரான்சைச் சேர்ந்த அலெக்சிஸ் காரல் இரத்தக் குழாய்களை இணைத்துத் தைக்கும் முறையை உருவாக்கி, அதற்காக 1912-இல் நோபல் பரிசு பெற்றார். 1960-இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் லோயர், ஷம்வே ஆகியோர் ஒரு நாயின் இதயத்தை அகற்றி மற்றொரு நாயின் இதயத்தை அதே இடத்தில் பொருத்தும் முறையை வெளியிட்டனர். ஆக, தைக்கும் தொழில்நுட்பம் அப்போதே கைக்கு வந்துவிட்டது.

இதன் பிறகு நடந்தவற்றை மூன்று அட்டைகளில் எழுதிக் குழுக்களுக்குக் கொடுக்கிறேன்.

முதல் அட்டை: 1964, ஜனவரி. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலம் ஜாக்சன் நகரில் ஜேம்ஸ் ஹார்டி என்ற அறுவை மருத்துவர், சாகும் நிலையில் இருந்த ஒருவருக்குச் சிம்பன்சியின் இதயத்தைப் பொருத்தினார். மனிதர் ஒருவருக்கு நடந்த முதல் இதய மாற்று இதுவே. இதயம் துடித்தது. ஆனால் அவருடைய உடலுக்குத் தேவையான அளவு இரத்தத்தைத் தள்ளும் வலு அந்தச் சிறிய இதயத்துக்கு இல்லை. இரண்டு மணி நேரத்துக்குள் நோயாளி இறந்துவிட்டார்.

இரண்டாம் அட்டை: 1967, டிசம்பர் 3. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் கிறிஸ்டியான் பர்னார்டு ஒரு மனிதரின் இதயத்தை மற்றொரு மனிதருக்குப் பொருத்தினார். நோயாளி 18 நாள் வாழ்ந்து, நுரையீரல் தொற்றால் இறந்தார். புதிய இதயத்தை உடல் நிராகரிக்காமலிருக்கக் கொடுத்த மருந்துகள் கிருமிகளை எதிர்க்கும் ஆற்றலையும் சேர்த்துக் குறைத்திருந்தன.

மூன்றாம் அட்டை: 1984, அக்டோபர் 26. கலிபோர்னியாவின் லோமா லிண்டா மருத்துவமனையில் லெனார்டு பெய்லி, இதயத்தின் இடப்பக்கம் வளராமல் பிறந்த ஒரு பெண் குழந்தைக்குப் பபூன் குரங்கின் இதயத்தைப் பொருத்தினார். குழந்தை ஏறத்தாழ மூன்று வாரம் உயிர் வாழ்ந்தது. குழந்தையின் இரத்த வகை ஓ. பபூன்களில் ஓ வகை மிக அரிது. இரத்த வகை பொருந்தாத இதயமே பொருத்தப்பட்டது.

ஒவ்வொரு குழுவும் ஒரே கேள்விக்குப் பதில் தேட வேண்டும்: "தையல் பிரிந்ததால் இறந்தார்களா?" மூன்று அட்டைகளிலும் "இல்லை" என்றே விடை வரும். முதலாவதில் அளவு, இரண்டாவதில் மருந்து உண்டாக்கிய பலவீனம், மூன்றாவதில் இரத்தப் பொருத்தம். கரும்பலகையில் இந்த மூன்றையும் எழுதியதும் முதல் பாடவேளை முடிகிறது. அறுவை மருத்துவர்கள் தங்கள் வேலையைச் சரியாகச் செய்தும் நோயாளிகள் பிழைக்கவில்லை என்பதை மாணவர்கள் தாங்களாகவே கண்டுபிடித்திருப்பார்கள்.

ஏன் பன்றி?

இரண்டாம் பாடவேளைக்குப் போகும் முன் இந்தக் கேள்வி கட்டாயம் வரும். குரங்கினங்கள்தானே மனிதருக்கு நெருங்கியவை? உண்மைதான். ஆனால் சிம்பன்சி அழிவின் விளிம்பில் இருக்கும் விலங்கு. ஒரு பேற்றில் பெரும்பாலும் ஒரு குட்டிதான் ஈனும்; அது வளர்ந்து ஆளாகப் பல ஆண்டுகள் ஆகும். பபூனின் இதயமோ வளர்ந்த மனிதருக்குப் போதாத அளவு சிறியது. நெருங்கிய உறவு என்பதால் குரங்கின் வைரஸ் மனிதரிடம் தொற்றும் அபாயமும் அதிகம்.

பன்றி ஏறத்தாழ 114 நாள் சினைக்காலத்தில் பல குட்டிகளை ஈனுகிறது. ஆறு மாதத்தில் ஏறக்குறைய நூறு கிலோ எடையை எட்டிவிடுகிறது. அதன் இதயம் அளவிலும் அமைப்பிலும் மனித இதயத்துக்குப் பக்கத்தில் வருகிறது. பன்றியின் இதய வால்வுகளை மனிதருக்குப் பொருத்துவது பல பத்தாண்டுகளாக நடந்துவரும் சிகிச்சைதான் என்று சொன்னதும் வகுப்பு வியப்படையும். "வால்வு ஒத்துக்கொள்ளும்போது இதயம் ஏன் ஒத்துக்கொள்ளாது?" என்று உடனே ஒருவர் கேட்பார். அந்த வால்வு வேதிப்பொருளில் பதப்படுத்தப்பட்ட உயிரற்ற திசு. பதனிட்ட தோலைப் போன்றது. இதயமோ உயிருள்ள செல்களால் ஆனது. அதன் இரத்தக் குழாய்களின் உட்சுவரில் உள்ள ஒவ்வொரு செல்லும் நோயாளியின் இரத்தத்தை நேருக்கு நேர் சந்திக்கும். இங்கிருந்துதான் சிக்கல் தொடங்குகிறது.

இரண்டாம் பாடவேளை: நான்கு தடைகள்

வகுப்பை நான்கு குழுவாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு தடை கொடுக்கிறேன். படித்துப் புரிந்துகொண்டு மற்றவர்களுக்கு விளக்குவது அவர்கள் பொறுப்பு.

தடை 1: இரத்தம்

ஏ வகை இரத்தம் உள்ளவரிடம் பி-க்கு எதிரான ஆன்டிபாடி இயல்பாகவே இருக்கும் என்று மாணவர்கள் படித்திருக்கிறார்கள். 1900-இல் கார்ல் லாண்ட்ஸ்டைனர் கண்டறிந்த இரத்த வகைகளின் அடிப்படை இதுதான். பன்றியின் செல்களின் மேல் ஆல்ஃபா-கால் என்ற சர்க்கரை மூலக்கூறு இருக்கிறது. மனிதரிடமும் பபூன் போன்ற குரங்குகளிடமும் அது இல்லை. நம் குடலில் வாழும் பாக்டீரியாக்களிலும் இதே சர்க்கரை இருப்பதால், சிறு வயதிலேயே அதற்கு எதிரான ஆன்டிபாடிகளை நம் உடல் தயாரித்து வைத்துக்கொள்கிறது. பன்றி இதயத்தை இணைத்து இரத்தத்தைத் திறந்துவிட்டால் ஆன்டிபாடிகள் உடனே அந்தச் செல்களில் ஒட்டிக்கொள்ளும். இரத்தத்திலுள்ள காம்ப்ளிமென்ட் என்ற புரதங்கள் அவற்றைத் தாக்கும். குழாய்களுக்குள் இரத்தம் உறையும். சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ இதயம் கருத்து வீங்கி நின்றுவிடும். இதை உடனடி நிராகரிப்பு என்கிறார்கள்.

நீர் கலந்த பாலில் சிறிது சிவப்பு நிறம் சேர்த்து, ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீர்த் துளிகளும் மற்றொன்றில் வினிகர்த் துளிகளும் விட்டுக் காட்டலாம். இரண்டாவது திரிந்து கட்டி கட்டியாகும். இது பாவனைதான், உண்மையில் நடப்பது வேறு வேதிவினை என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

ஆன்டிபாடி நம்மிடம் இருக்கிறது. சர்க்கரை பன்றியிடம் இருக்கிறது. எதை மாற்றுவது எளிது? குளோனிங் முறை கைக்கு வந்த பிறகு விஞ்ஞானிகள் பன்றியை மாற்றினார்கள். ஆல்ஃபா-கால் சர்க்கரையை உண்டாக்கும் ஜீனின் இரண்டு படிகளும் செயலிழக்கச் செய்யப்பட்ட பன்றிகளைப் பற்றி 2003-இல் ஆய்விதழில் செய்தி வந்தது. பின்னர் வேறு இரண்டு சர்க்கரைகளும் நீக்கப்பட்டன. இரத்தம் உறைவதையும் காம்ப்ளிமென்ட் தாக்குதலையும் கட்டுப்படுத்தும் மனிதப் புரதங்களின் ஜீன்கள் சேர்க்கப்பட்டன.

தடை 2: இடைப்பட்ட நேரம்

கொடையாளியின் உடலிலிருந்து எடுத்த இதயத்தை நோயாளியின் உடலில் பொருத்தும் வரை என்ன செய்வது? மனித இதயத்தைக் குளிர்ந்த கரைசலில் நிறுத்தி, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து எடுத்துச் செல்வது வழக்கம். நான்கு மணி நேர அளவுக்குள் பொருத்திவிட வேண்டும். ஜெர்மனியின் முனிச் நகரில் புரூனோ ரைக்கார்ட் குழுவினர் ஜீன் மாற்றிய பன்றிகளின் இதயத்தை இதே முறையில் குளிர்வித்துப் பபூன்களுக்குப் பொருத்தினார்கள். மிக அதிகமாக வாழ்ந்த பபூன் 30 நாளே வாழ்ந்தது. சில ஓரிரு நாளிலேயே இறந்தன. அவற்றின் உடல் இதயத்தை நிராகரித்திருக்கவில்லை. பன்றி இதயத்தால் இரத்த ஓட்டமின்றி அந்த நேரத்தைத் தாங்க முடியவில்லை.

மீன் பெட்டியில் பனிக்கட்டி வைத்தால் மீன் கெடாது, ஆனால் உயிரோடும் இருக்காது என்று எங்கள் மாணவன் ஒருவன் இதற்கு விளக்கம் சொன்னான். முனிச் குழுவினர் சுவீடனில் உருவாக்கப்பட்ட ஒரு முறைக்கு மாறினார்கள். ஆக்சிஜனும் ஊட்டப்பொருள்களும் இரத்தச் சிவப்பணுக்களும் கலந்த 8 டிகிரி செல்சியஸ் திரவத்தை இதயத்தின் குழாய்களுக்குள் தொடர்ந்து ஓடவிட்டார்கள். அறுவை முடிந்ததும் இதயங்கள் நன்றாக வேலை செய்யத் தொடங்கின.

தடை 3: அழுத்தமும் வளர்ச்சியும்

ஆனாலும் பபூன்கள் 40 நாளைத் தாண்டவில்லை. இம்முறை பொருத்தப்பட்ட இதயம் உள்ளேயே பெரிதாக வளர்ந்துகொண்டிருந்தது. சுவர் தடித்தது, அறைகள் குறுகின, நிரம்புவதற்கு இடமில்லாமல் போனது. ஆட்டு இதயத்தின் தடித்த இடது சுவரைத் தொட்ட அனுபவத்தை இங்கே நினைவூட்டுகிறேன். அதிக அழுத்தத்துக்கு எதிராகத் தள்ளும் தசை தடிக்கும். பன்றியைவிடப் பபூனுக்கு இரத்த அழுத்தம் அதிகம். அத்துடன், ஆறு மாதத்தில் நூறு கிலோவாகும் ஒரு விலங்கின் உறுப்புக்குத் தன் இனத்தின் வேகத்திலேயே வளரும் இயல்பும் இருக்கிறது. தான் வேறோர் உடலில் இருப்பது அதற்குத் தெரியாது.

இதை உணர்த்த, ஊசி நீக்கிய இரண்டு சிரிஞ்சுகளில் தண்ணீர் நிரப்பி, ஒன்றில் அகலமான டியூபும் மற்றொன்றில் காலியான ரீஃபிள் குழாயும் செருகித் தள்ளச் சொல்கிறேன். குறுகிய குழாய்க்கு விரல் எவ்வளவு சிரமப்படுகிறது என்பது கையிலேயே தெரியும்.

முனிச் குழுவினர் மூன்று மாற்றங்கள் செய்தார்கள். பபூனின் இரத்த அழுத்தத்தை மருந்தால் பன்றியின் அளவுக்குக் குறைத்தார்கள். ஸ்டீராய்டு மருந்தைச் சீக்கிரமே குறைத்து நிறுத்தினார்கள். செல் வளர்ச்சியைத் தடுக்கும் ஒரு மருந்தைச் சேர்த்தார்கள். இந்தக் கட்டத்தில் ஐந்து பபூன்களில் நான்கு 90 நாளை எட்டின. அவற்றுள் இரண்டு 182, 195 நாள் வாழ்ந்தன. 2018 டிசம்பரில் 'நேச்சர்' இதழில் இந்த ஆய்வு வெளிவந்தது.

தடை 4: ஒளிந்து வரும் கிருமி

2022 ஜனவரி 7 அன்று அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் மேரிலாண்ட் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில், பார்ட்லி கிரிஃபித், முகமது மொஹியுத்தீன் ஆகியோரின் குழு 57 வயது நோயாளி ஒருவருக்குப் பன்றி இதயத்தைப் பொருத்தியது. மனித இதயம் பெறவோ செயற்கைப் பம்பு பொருத்தவோ அவர் தகுதியற்றவராக இருந்ததால் சிறப்பு அனுமதி கிடைத்தது. அந்தப் பன்றியில் பத்து ஜீன் மாற்றங்கள் செய்யப்பட்டிருந்தன: மூன்று சர்க்கரை ஜீன்களும், இதயம் மிகையாக வளராமலிருக்க வளர்ச்சி ஹார்மோன் ஏற்பியின் ஜீனும் செயலிழக்கச் செய்யப்பட்டன, ஆறு மனித ஜீன்கள் சேர்க்கப்பட்டன. முதல் தடையிலிருந்தும் மூன்றாம் தடையிலிருந்தும் கற்றவை அந்த ஒரு விலங்கில் சேர்ந்திருந்தன என்பதை மாணவர்கள் அட்டைகளோடு ஒப்பிட்டுக் கண்டுகொள்வார்கள்.

உடனடி நிராகரிப்பு நிகழவில்லை. பல வாரம் இதயம் நன்றாக இயங்கியது. பிறகு திடீரெனச் சுவர் தடித்து, செயல் குன்றி, இரண்டு மாதத்தில் அவர் இறந்தார். அவருடைய இரத்தத்தில் பன்றிகளுக்கு வரும் சைட்டோமெகலோ வைரஸின் டி.என்.ஏ. காணப்பட்டது. பன்றியின் மூக்கிலிருந்து மாதிரி எடுத்துச் சோதித்தபோது வைரஸ் இல்லை என்றுதான் முடிவு வந்திருந்தது. அது திசுக்களுக்குள் உறங்கும் நிலையில் ஒளிந்திருக்கக் கூடியது. அவர் இறந்ததற்கு வைரஸ் மட்டும் காரணம் என்று சொல்ல முடியாது. நோயாளியின் முந்தைய பலவீனம், அவருக்குச் செலுத்திய ஆன்டிபாடித் தொகுப்பு ஆகியவையும் ஆராயப்பட்டன. இந்த வைரஸ் உள்ள பன்றிகளின் உறுப்புகள் பபூன்களிலும் குறைந்த காலமே இயங்கின என்பது அதற்கு முன்பே வெளியான செய்தி. சோதனை முறைகளைக் கூர்மையாக்க வேண்டும், குட்டிகளைத் தாயிடமிருந்து சீக்கிரமே பிரித்து வளர்க்க வேண்டும் என்ற பாடங்கள் இதிலிருந்து வந்தன.

வேறொரு வகை வைரஸ் பன்றியின் டி.என்.ஏ.வுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. அது ஆய்வுக்கூடத்தில் மனித செல்களைத் தொற்றக்கூடியது என்று 1997-இல் தெரியவந்தது. எந்தச் சோப்பாலும் கழுவ முடியாத கிருமி அது. ஜீன் திருத்த முறையால் அந்த வைரஸின் எல்லாப் படிகளையும் செயலிழக்கச் செய்த பன்றிக் குட்டிகள் பிறந்த செய்தி 2017-இல் வெளியானது.

மூன்றாம் பாடவேளை: 945 பெரிதா, 195 பெரிதா?

இந்தப் பாடவேளையை ஒரு கணக்கோடு தொடங்குகிறேன். அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் மொஹியுத்தீன் குழு 2016-இல் வெளியிட்ட ஆய்வில், பபூனுக்குள் பொருத்திய பன்றி இதயம் ஒன்று 945 நாள் துடித்தது. முனிச் ஆய்வில் மிக அதிகம் 195 நாள். எது பெரிய சாதனை?

கைகள் எல்லாம் 945-க்கே உயரும். அதன் பிறகு ஒரு தகவலைச் சேர்க்கிறேன். 945 நாள் துடித்த இதயம் பபூனின் வயிற்றில் பொருத்தப்பட்டிருந்தது. பபூனின் சொந்த இதயம் மார்பில் இருந்து உடல் முழுவதையும் காத்தது. வயிற்றில் இருந்த இதயத்துக்கு இரத்தம் போய்வந்தது, அது துடித்தது, ஆனால் உடலின் சுமையைத் தாங்கவில்லை. முனிச்சில் பபூனின் இதயம் அகற்றப்பட்டு, பன்றி இதயம் ஒன்றே அதன் உயிரைத் தாங்கியது.

வகுப்பு அமைதியாகிவிடும். பிறகு வாக்குவாதம் தொடங்கும். இரண்டு ஆய்வுகளும் இரண்டு வெவ்வேறு கேள்விகளைக் கேட்டன என்ற முடிவுக்கு அவர்கள் வர வேண்டும். பன்றி இதயத்தை உடல் நீண்ட நாள் விட்டுவைக்குமா என்பது முதல் ஆய்வின் கேள்வி. அந்த இதயம் உயிரைச் சுமக்குமா என்பது இரண்டாவதன் கேள்வி. முதல் கேள்விக்கு விடை தெரியாமல் இரண்டாவதைக் கேட்டிருக்க முடியாது. எண்ணைப் பார்த்தால் அது எந்த நிபந்தனையில் கிடைத்தது என்று கேட்கும் பழக்கம் இந்த ஒரு பயிற்சியில் வந்துவிடுகிறது. நிமிடத்துக்கு 72 துடிப்பு என்றால் ஒரு நாளுக்கு 1,03,680. 60 நாளுக்கு 62,20,800. "இரண்டே மாதம்தானா?" என்று சொல்பவர்களை இந்தப் பெருக்கலைச் செய்யச் சொல்லுங்கள்.

இந்தப் பாடம் புத்தகத்தோடு நிற்பதில்லை என்பதை ஒரு மாணவி எனக்குக் காட்டினாள். வகுப்பு முடிந்து மற்றவர்கள் போன பிறகு வந்து நின்றாள். அவளுடைய அப்பாவுக்கு இதயம் பலவீனம்; அரசு மருத்துவமனையில் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறார். கைபேசியில் வந்த ஒரு வீடியோவைக் காட்டி, "இனி பன்றி இதயத்தை வெச்சிடுவாங்க, இந்த மாத்திரை, உப்பில்லாச் சாப்பாடு எல்லாம் எதுக்கு" என்று தெரிந்தவர் ஒருவர் சொல்லியிருக்கிறார். நான்கு நாளாக அப்பா மாத்திரை போடவில்லை. "அந்த ஆபரேஷன் அப்பாவுக்கு எப்ப டீச்சர் கிடைக்கும்?" என்று கேட்டாள்.

இது ஆராய்ச்சி, இன்னும் சிகிச்சையாகவில்லை என்று அவளிடம் சொன்னேன். 2022-இல் ஒருவர், 2023 செப்டம்பரில் மற்றொருவர் என இருவருக்குப் பால்டிமோரில் பொருத்தினார்கள். முதலாமவர் இரண்டு மாதமும் இரண்டாமவர் ஏறத்தாழ ஆறு வாரமும் வாழ்ந்தார்கள் என்பதையும் மறைக்கவில்லை. அப்பாவை அன்றே மருத்துவமனைக்குப் போகச் சொல், மாத்திரை விட்டதை மருத்துவரிடம் சொல்லச் சொல் என்றேன். சற்று யோசித்துவிட்டு, "அப்ப அந்த வீடியோ பொய்யா?" என்றாள். பொய் இல்லை, பாதியில் நிறுத்திய உண்மை என்றேன். தன் நோட்டைப் பிரித்து நான்கு தடைகளையும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டப்போவதாகச் சொல்லிப் போனாள். மறுநாள் அவர் மருத்துவமனைக்குப் போனதாகத் தெரிந்தது. அறிவியல் செய்தியை முழுமையாகப் படிக்கக் கற்றுக்கொடுப்பது ஒரு வீட்டில் மாத்திரைப் பெட்டியைத் திறக்க வைக்கக்கூடிய வேலை என்று அன்றிலிருந்து இந்தப் பாடத்துக்கு மூன்று பாடவேளையையும் தயங்காமல் ஒதுக்குகிறேன்.

யாருடைய உயிர், யாருடைய சம்மதம்?

மூன்றாம் பாடவேளையின் பிற்பகுதி கலந்துரையாடலுக்கு. நான் முடிவு சொல்வதில்லை. கேள்விகளை மட்டும் வைக்கிறேன்.

ஆய்வில் இறந்த பபூன்களும், உறுப்புக்காகவே வளர்க்கப்படும் பன்றிகளும் எந்தச் சம்மதமும் தரவில்லை. உணவுக்காக விலங்கை வளர்ப்பதும் உறுப்புக்காக வளர்ப்பதும் ஒன்றா? 1984-இல் அந்தக் குழந்தைக்குப் பதிலாகப் பெற்றோர் கையெழுத்திட்டார்கள். அன்று மனிதக் குழந்தையின் இதயம் கிடைப்பது மிக அரிது. சாகும் நிலையில் உள்ளவர் தரும் சம்மதம் எந்த அளவுக்கு முழுச் சம்மதம்? பன்றியிடமிருந்து புதிய கிருமி ஒன்று நோயாளி வழியாக மற்றவர்களுக்குப் பரவக்கூடும் என்றால், அவர் வாழ்நாள் முழுவதும் கண்காணிப்பில் இருக்க வேண்டும் என்று கேட்பது நியாயமா?

நம் நாட்டிலும் ஒரு நிகழ்வு உண்டு. 1997-இல் அசாமின் குவாஹாட்டி அருகே ஓர் அறுவை மருத்துவர் 32 வயது நோயாளிக்குப் பன்றி இதயத்தைப் பொருத்தினார். ஏழு நாளில் நோயாளி இறந்தார். மனித உறுப்பு மாற்றுச் சட்டம் 1994-இன் கீழ் மருத்துவர் கைது செய்யப்பட்டார். அனுமதி, கண்காணிப்பு, வெளிப்படையான பதிவு ஆகியவை ஏன் தேவை என்பதைப் பேச இது பொருத்தமான எடுத்துக்காட்டு. தனி மனிதரைத் தீர்ப்புக் கூறும் பேச்சாக அது மாறாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.

பெரும்பாலும் கலந்துரையாடல் உறுப்புக் கொடையில் வந்து நிற்கும். விலங்கின் இதயத்தைத் தேடிப் போகும் தேவையே மனித இதயம் போதாததால் வந்தது. மூளைச்சாவு அடைந்தவரின் உறவினர்கள் சம்மதித்தால்தான் ஓர் இதயம் கிடைக்கும். அதைப் பற்றி வீட்டில் பேசலாமா என்று மாணவர்களே கேட்பார்கள். இந்த இடத்தில் நான் வற்புறுத்துவதில்லை. தகவலை மட்டும் தருகிறேன்.

மதிப்பீட்டுக்கான வினாக்கள்

1. பன்றியின் இதய வால்வு நோயாளியின் உடலில் பல ஆண்டுகள் இருக்கிறது. மாற்றம் செய்யப்படாத பன்றியின் இதயம் சில மணி நேரத்தில் நின்றுவிடுகிறது. காரணம் கூறுக.

2. ஏ, பி, ஓ இரத்த வகைப் பொருத்தத்தையும் ஆல்ஃபா-கால் சர்க்கரைக்கு எதிரான வினையையும் ஒப்பிடுக. ஓர் ஒற்றுமையும் ஒரு வேற்றுமையும் எழுதுக.

3. வளர்ச்சி ஹார்மோன் ஏற்பியின் ஜீனை ஏன் செயலிழக்கச் செய்தார்கள்? எந்த ஆய்வின் அனுபவம் இதற்கு வழிகாட்டியது?

4. நிராகரிப்பைத் தடுக்கும் மருந்தின் அளவைக் கூட்டினால் என்ன நன்மை, என்ன தீமை? 1967 நிகழ்வைக் கொண்டு விளக்குக.

5. "பன்றி இதயம் மூன்று நாள் இயங்கியது" என்று ஒரு செய்தி வருகிறது. அதை நம்பும் முன் நீ கேட்கும் நான்கு கேள்விகளை எழுதுக.

ஐந்தாவது வினாவுக்கு மட்டும் நான் மதிப்பெண்ணை இரட்டிப்பாக்குகிறேன். யாருக்குப் பொருத்தினார்கள், சொந்த இதயம் உள்ளே இருந்ததா, ஏன் மூன்று நாளோடு நின்றது, எங்கே வெளியிட்டார்கள் என்ற கேள்விகள் விடைத்தாளில் வந்துவிட்டால் பாடம் போய்ச் சேர்ந்துவிட்டது. மூன்று பாடவேளை கிடைக்காத பள்ளிகளில், நான்கு தடைகளையும் 945-195 கணக்கையும் மட்டும் ஒரே பாடவேளையில் நடத்தலாம். ஆட்டு இதயம் கிடைக்காவிட்டாலும் இரண்டு சிரிஞ்சுகள் போதும்.